ஒரு கிலோ கை

ஸ்டியரிங்கை யாரும் தொடவில்லை. வேம்புலி இரண்டு கையையும் தன் மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். அருள்தாஸ் கதவுக்கு வெளியே குடையோடு நின்றிருந்தார். ஆனாலும் வேம்புலியின் முழங்கால் மேல் இருந்த, வண்டிக் கோளாறு பார்க்கும் ஸ்கேனர், ஸ்டியரிங்கை யாரோ இடப்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னது. இடது, ஒன்று புள்ளி எட்டு. அந்த எண் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், மறுபடி ஒன்று புள்ளி எட்டுக்கே வந்து நிற்கும்.

"இன்னா அண்ணாத்தே இது, யாரோ புடிச்சிகினு கீற மாதிரியே காட்டுது," என்று வேம்புலி சிரித்தான். வேடிக்கைக்கு ஸ்டியரிங்கை வலப்பக்கம் லேசாகத் தள்ளிப் பார்த்தான். எண் பூஜ்யத்துக்கு வந்தது. கையை எடுத்தான். திரும்பவும் இடது, ஒன்று புள்ளி எட்டு. அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை.

வேம்புலி சேக்காட்டில் பத்து வருஷமாக மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன். எந்த வண்டியையும் திட்டிக்கொண்டே சரிசெய்து, டீ குடித்து, ஊர்க்கதை நாலு பேசிவிட்டுத்தான் கிளம்புவான். அன்றைக்கு டீ வேண்டாம் என்றான். ஸ்டியரிங் தண்டையே மொத்தமாக மாற்றணும், பாடி பக்கம் பழைய சாமான் கடையில் கிடைக்கும், பத்து நாள் ஆகும் என்று மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பத்து நாளெல்லாம் முடியாது, ஞாயிற்றுக்கிழமை வண்டி போயாகணும் என்றார் அருள்தாஸ். அப்படியானால் நீங்களே பாருங்க, டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷம் மீட்டர் பார்த்த ஆளாச்சே என்று சொல்லி, ஸ்கேனரை சீட்டிலேயே விட்டுவிட்டு பைக்கை உதைத்துப் போய்விட்டான். அந்த ஸ்கேனர் அவன் சோறு போடும் சாமான், சொந்தத் தம்பிக்குக்கூடத் தரமாட்டான். அதை எடுக்கத் திரும்ப வண்டிக்குள் கையை நீட்ட அவனுக்கு மனசில்லை என்பது அருள்தாஸுக்குப் பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை போயாகணும் என்பதற்கு ஒரே காரணம் ஸ்டெஃபி. ஒரே மகள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை, பக்கத்திலேயே ஹாஸ்டல். அம்மா ஜெயசீலி செத்த புதிதில் மூன்று பஸ் மாறி வாராவாரம் ஆவடிக்கு வந்தாள். அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை. அப்புறம் போனோடு சரி. போன வாரம் அவளே கேட்டாள், கார் சும்மாதானே நிக்குது, அதைக் குடுத்தீங்கன்னா ஞாயிறு தவறாம வந்துடுவேன்ப்பா என்று. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மனுஷர் ஒரு வாரம் சாப்பிட்டார். ஒரு ஆளுக்கு உலை வைப்பது எவ்வளவு கேவலமான வேலை என்பது வைத்தவனுக்குத்தான் தெரியும். அரை டம்ளர் அரிசியைக் கழுவும்போது வருகிற சத்தமே ஒரு மாதிரி இருக்கும். டிவியை யாரும் பார்க்காவிட்டாலும் ஓடவிட்டு வைத்திருப்பார், வீட்டில் ஏதாவது ஒரு குரல் இருக்கட்டும் என்று.

கார் எட்டு மாதமாகப் போர்டிகோவில் உறை போட்டு நின்றது. ஜெயசீலியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கு ஓட்டியதுதான் கடைசி. வியாழக்கிழமை உறையை இழுத்தபோது உள்ளேயிருந்து ஜெயசீலி எப்போதும் தடவும் தலைவலித் தைல வாசனை வந்தது. புது பேட்டரி போட்டார், இன்ஜின் ஒரே தட்டில் பிடித்தது. ஆனால் மீட்டர் பலகையில் ஸ்டியரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. அதற்குத்தான் வேம்புலியைக் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அருள்தாஸ் தானே வேலையில் இறங்கினார். இந்த மாதிரி வண்டிகளில் ஸ்டியரிங்கைத் திருப்ப ஒரு மோட்டார் உதவி செய்யும். ஓட்டுகிறவர் கை எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துச் சொல்ல, தண்டுக்குள் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். யாரும் தொடாதபோது அது பூஜ்யம் காட்டணும். காட்டாவிட்டால் கம்ப்யூட்டர் குழம்பி மோட்டாரை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடும். ஸ்கேனரில் வந்த கோளாறு எண்ணுக்கு அர்த்தம் அவ்வளவுதான். ஃபியூஸைப் பார்த்தார். எர்த் ஒயரைக் கழற்றித் துரு சுரண்டினார். இணைப்பைப் பிடுங்கி ஸ்பிரே அடித்துத் திரும்பச் சொருகினார். ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்தார். சாவியைத் திருப்பியதும் அதே எண், அதே விளக்கு.

சரி, சக்கரம் தரையில் உரசி இழுக்கிறதோ என்று முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரம் இரண்டும் அந்தரத்தில். அப்போதும் ஒன்று புள்ளி எட்டு. மோட்டார் ஃபியூஸையே பிடுங்கிப் போட்டார். அப்போதும் அதே. அப்படியானால் சென்சார்தான் பொய் சொல்கிறது என்று நினைத்து, ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெறும்போது கொடுத்த கொக்கித் தராசை எடுத்து வந்தார். அதை ஸ்டியரிங்கில் மாட்டி வலப்பக்கம் மெதுவாக இழுத்தார். கால் கிலோ, அரை, முக்கால். ஒவ்வொன்றுக்கும் சென்சார் சரியாகக் குறைந்துகொண்டே வந்தது. முள் ஒரு கிலோவைத் தொட்டபோது திரையில் பூஜ்யம். சென்சாரிடம் ஒரு தப்பும் இல்லை. ஸ்டியரிங்கின் இடது ஓரத்தில் ஒரு கிலோ கனம் நிஜமாகவே உட்கார்ந்திருந்தது.

ஒரு கிலோ. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி ஒரு ஆள் தன் கையை ஸ்டியரிங் மேல் சும்மா வைத்தால் வருகிற கனம்.

அருள்தாஸ் தராசைக் கழற்றிவிட்டு இடது சீட்டைப் பார்த்தார். மழைக்கு வெளிச்சம் மங்கிப்போயிருந்தது. சீட் உறையில் பூப்போட்ட துணி, ஜெயசீலி தைத்தது, நடுவில் கொஞ்சம் அமுங்கியிருந்தது. எட்டு மாதம் பழைய அமுக்கமாக இருக்கும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். கூரை ஷீட்டிலிருந்து சொட்டும் தண்ணீர், ஜாக்கி மேல் ஒன்று, பக்கெட்டில் ஒன்று. தைல வாசனை காலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தது. அவர் டிரைவர் சீட்டில் அசையாமல் ஸ்கேனரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணிக்கு அந்தோணியார் கோயில் மணி அடித்தது.

எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. ஒரு நொடி. இரண்டு. மூன்று. நான்கு. பிறகு, வைத்த இடத்திலேயே கையைத் திரும்ப வைத்த மாதிரி, இடது ஒன்று புள்ளி எட்டு.

நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். கோயில் மணி எங்கே கேட்டாலும் ஜெயசீலி சிலுவை போடுவாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் கையை எடுத்துப் போடுவாள். அருள்தாஸ் கதவைத் திறந்து, ஜாக்கியில் இடித்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டார்.

அவருக்கு இது முன்பே தெரிந்த கைதான். அதுதான் பயமாக இருந்தது. இருபத்தெட்டு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள். எதிரே ஒரு லாரி வந்தால் போதும், வலது கையை நீட்டி ஸ்டியரிங்கின் ஓரத்தைப் பிடித்து இடப்பக்கம் இழுப்பாள். "ஏங்க, லெஃப்ட்ல போங்க, லெஃப்ட்ல போங்க." எத்தனை சண்டை அதற்கு. வண்டி ஓட்டுறது நீயா நானா என்று கத்துவார். கையை எடுப்பாள், அடுத்த லாரிக்கு மறுபடி வைப்பாள். கடைசி நாளும் அப்படித்தான். நெஞ்சு வலி என்று முனகிக்கொண்டே சீட்டில் சாய்ந்திருந்தாள். பாடி மேம்பாலத்துக்கு முன்னால் டிராஃபிக் இறுகிக் கிடந்தது. அவருக்கு எரிச்சல், பதற்றம். அவள் கை ஸ்டியரிங்குக்கு வந்தது. வண்டியை இழுக்க வந்ததா, அவரைப் பிடிக்க வந்ததா, யாருக்குத் தெரியும். "கைய எடுடீ" என்று தட்டிவிட்டார். எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் திரும்பிப் பார்த்தபோது கண் திறந்தே இருந்தது. அவளிடம் அவர் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அதை அவர் ஸ்டெஃபியிடம் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

டிங்.

வெளியே. போர்டிகோவில்.

டிங். டிங். டிங்.

அது என்ன சத்தம் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பயத்தில் சாவியை எடுக்காமல் ஓடிவந்துவிட்டார். சாவி போட்ட நிலையில், பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் வண்டி அப்படி மணி அடிக்கும். ஆள் உட்கார்ந்தால்தான் அடிக்கும்.

டிவி சத்தத்தைக் கூட்டினார். மணி அதற்கு மேல் கேட்டது. பக்கத்து வீட்டில் யாராவது வந்து கேட்பார்களோ என்று பார்த்தார், மழைக்கு எல்லாரும் கதவைச் சாத்திக் கிடந்தார்கள். கால் மணி நேரம் பொறுத்துவிட்டுக் கதவைத் திறந்து போனார். சாவியை அணைக்கத்தான் போனார். ஆனால் குனிந்து கையை நீட்டியவர், அந்தத் தைல வாசனையில் என்ன தோன்றியதோ, இடது பக்க பெல்ட்டை இழுத்து சீட்டுக்குக் குறுக்கே மாட்டினார். கிளிக். மணி நின்றது.

பெல்ட் சீட்டோடு ஒட்டிப் படியவில்லை. சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. பெல்ட் அந்த இடத்தில் வெறும் காற்றின் மேல் வளைந்து கிடந்தது. அது மெதுவாக ஏறி இறங்கியது.

அவர் கதவைச் சத்தமில்லாமல் மூடினார், தூங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

சனிக்கிழமை காலை வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. வெயிலில் எந்தப் பயமும் பாதி ஆகிவிடும். டீ போட்டுக் குடித்துவிட்டு அருள்தாஸ் கணக்காக யோசித்தார். சென்சார் சரி. அதை மாற்றினாலும் புதுசும் இதையேதான் சொல்லும். இந்தக் கனம் இருக்கும்வரை விளக்கு எரியும், மோட்டார் வேலை செய்யாது, ஸ்டெஃபியால் ஓட்ட முடியாது. வண்டி இல்லையென்றால் ஞாயிறு இல்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஸ்கேனரில் ஒரு பக்கம் உண்டு, இப்போது இருப்பதுதான் பூஜ்யம் என்று வண்டிக்குச் சொல்லிக்கொடுப்பது. சொல்லிக்கொடுத்துவிட்டால் அந்த ஒரு கிலோவை வண்டி கணக்கிலேயே எடுக்காது.

ஃபேக்டரியில் அவர் பிரிவின் சுவரில் சிவப்பு பெயிண்டில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தது: தட்டில் பாரம் இருக்கும்போது ஜீரோ வைக்காதே. வேலுசாமி என்று கூட வேலை செய்தவர் ஒரு நாள் டிபன் பாக்ஸைத் தராசுத் தட்டிலேயே மறந்து வைத்துவிட்டு ஜீரோ வைத்துவிட்டார். காலையெல்லாம் எடை ஒழுங்காகத்தான் வந்தது. சாப்பாட்டு மணிக்கு டிபன் பாக்ஸை எடுத்தார், முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் முட்டிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை அவர் பெயர் டிபன் பாக்ஸ்தான். அதிகமாகக் கிண்டல் பண்ணியது அருள்தாஸ்.

ஜாக்கியை இறக்கி, சக்கரத்தை நேராக்கி, ஃபியூஸைத் திரும்பப் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தார். சக்கரம் நேராக இருக்கட்டும் என்றது. ஓகே கொடுத்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவும் என்றது.

அந்த வரியை நாலைந்து தடவை படித்தார். தன் இரண்டு கையையும் எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டார். இடது சீட்டைப் பார்க்காமலே, "நீ எடுக்காத சீலி. இந்தத் தடவ எடுக்காத," என்றார். ஓகே அழுத்தினார்.

பூஜ்யம் என்றது ஸ்கேனர். மஞ்சள் விளக்கு அணைந்தது. ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. அவருக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சாயங்காலம் தூறலோடு தூறலாக ஓட்டிப் பார்க்க எடுத்தார். தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்து ஒரு சுற்று. வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. எட்டு மாதத்துக்கப்புறம் பக்கத்தில் ஆள் வைத்து ஓட்டுகிற தெம்பு. ஸ்டெஃபிக்கு வேலை கன்ஃபர்ம் ஆனதைச் சொன்னார். குழம்பில் புளி எப்போதும் கூடிவிடுகிறது என்று சொன்னார். இடது பெல்ட் ஏறி இறங்கியது. ஓரக்கண்ணால் பார்த்தார், அதற்கு மேல் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எதிரே ஒரு தண்ணி லாரி வந்தது. வண்டி கொஞ்சமாக இடப்பக்கம் ஒதுங்கியது. அவர் சிரித்துவிட்டார்.

அந்தோணியார் கோயில் வளைவு.

மணி அடித்தது.

ஸ்டியரிங் அவர் கையிலிருந்து வலப்பக்கம் பிடுங்கிக்கொண்டு போனது. எதிரே பஸ். முழு பஸ்ஸும் கண்ணாடியில். ஹாரன். இரண்டு கையாலும் இழுத்தார். வரவில்லை. மோட்டார் எதிர்ப்பக்கம் தள்ளியது. நெற்றி. நெஞ்சு. இடது தோள். வலது தோள்.

சரியானது. வண்டி தானாக இடப்பக்கம் திரும்பியது. பஸ்ஸின் பின்பக்கம் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது. பஸ் டிரைவர் அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டியது மழையில் தேய்ந்து மறைந்தது.

ஓரமாக நிறுத்திவிட்டு அருள்தாஸ் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். டிபன் பாக்ஸ். அவருக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. அந்தக் கை இருக்கும்வரை வண்டி நேராகப் போகும். கையை எடுத்தால் வலப்பக்கம் பாயும். திரும்பப் போய் அந்த ஜீரோவை அழித்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை. விளக்கு எரியும். ஸ்டெஃபி, சரிப்பா, அப்புறம் பார்க்கலாம் என்பாள். அந்த அப்புறம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

ரிங் ரோட்டில் ஏது கோயில் மணி என்று யோசித்தார். ஆறு மணிக்கு இங்கே அடித்து முடிந்த பிறகு அனுப்பினால் போச்சு. அப்புறம் ஜெயசீலி எதற்குக் கையை எடுக்கப்போகிறாள்? பெற்ற மகள் ஓட்டும்போது எடுப்பாளா? சொல்லப்போனால் இதைவிடப் பாதுகாப்பு என்ன இருக்கிறது, தாயே பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு போவதற்கு? தனியாக இருக்கிற மனுஷனுக்குத் தன்னோடு வாதம் பண்ணி ஜெயிப்பது ரொம்பச் சுலபம். வீடு வந்து சேர்ந்தபோது அவருக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெஃபி பூசைக்கே வந்துவிட்டாள். மட்டன் எடுத்துச் சமைத்தார். புளி அதிகம் என்றாள். வீடு முழுக்க அவள் குரல், அவள் ஈரத் துண்டு, அவள் சார்ஜர் ஒயர். மத்தியானம் டிவி போடவில்லை, தேவைப்படவில்லை. ஐந்து மணிக்கே கிளம்பறேன் என்றவளை, காபி, அப்புறம் ஒரு காபி என்று ஆறு தாண்டி நிறுத்தினார். மணி அடித்தது. ஓய்ந்தது. இப்ப போம்மா என்றார்.

இடது பெல்ட் ஏன் மாட்டியிருக்கிறது என்று கேட்டாள். சும்மா, மணி அடிக்காமல் இருக்க என்றார். அதுவும் உண்மைதானே. பையைப் பின் சீட்டில் வைக்கச் சொன்னார். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. போர்டிகோ இன்னும் ஒரு நிமிஷத்தில் காலியாகப் போகிறது. மகளும் போகிறாள், ஜெயசீலியும் போகிறாள். அவளாவது இறங்கிவிடட்டும் என்று அருள்தாஸுக்குத் தோன்றியது. இடது பக்க ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு, பெல்ட்டைக் கழற்றும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பெல்ட் தொய்ந்து, மெல்லச் சுருண்டு மேலே போனது.

"இன்னாப்பா?" என்றாள் ஸ்டெஃபி.

ஒன்றுமில்லை, கழுத்தில் குத்தும் என்று என்னமோ உளறினார். கேட்டைத் திறந்துவிட்டார். வண்டி டிங் டிங் என்று அடித்தபடி தெருவில் இறங்கி, முனைவரை நேராகப் போனது. கொஞ்சமும் வலப்பக்கம் சாயவில்லை. ஆக, அவள் இறங்கவில்லை. அதுதான் நியாயம், மகளோடு போவதுதான் நியாயம் என்று சொல்லிக்கொண்டே கேட்டைச் சாத்தினார்.

ஏழு மணிக்கு ஸ்டெஃபி போன் செய்தாள். பூந்தமல்லி தாண்டி ரிங் ரோடு ஏறிவிட்டாளாம். வண்டி வெண்ணெய் மாதிரி போகிறதாம், பெல்ட் மணிதான் விடாமல் அடிக்கிறதாம். அடுத்த ஞாயிறு கண்டிப்பாக வருகிறேன், புளியைக் குறைங்க என்று வைத்தாள்.

கரண்ட் போனது. டிவி செத்தது. அருள்தாஸ் மெழுகுவர்த்தி ஒன்றைக் கொளுத்தி மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தார். ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதி எப்போதும் அவர் சொல்வார், பின்பாதி ஜெயசீலி சொல்வாள். முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். மழைச் சத்தம். மறுபடி முதல் பாதி. மறுபடி மழை. மாலையின் மூன்றாவது மணியில் அவரால் முடியவில்லை. ஜெபமாலையை மடியில் போட்டுவிட்டு, இருட்டைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"வந்துடு சீலி. என்னால இந்த ஊட்ல தனியா இருக்க முடியல. வந்துடு."

மெழுகுவர்த்தியின் தீ சாய்ந்து நிமிர்ந்தது. தைல வாசனை வந்தது. பக்கத்து நாற்காலியின் பிரம்பு கிறீச்சென்றது. அவர் இடது மணிக்கட்டின் மேல், மெதுவாக, ஒரு கனம் வந்து உட்கார்ந்தது.

குளிர்ச்சியாக இருந்தது. பழக்கமான கனம். தராசே வேண்டாம், அவருக்குத் தெரியும், ஒரு கிலோ. வந்துட்டியா என்று கேட்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த மனுஷர் முகம் முழுக்கச் சிரித்தார்.

சிரிப்பு அப்படியே நின்றது.

கை இங்கே.

தட்டிலிருந்து எடுத்தாச்சு.

போனைத் தேடினார். வலது கை மட்டும்தான் அசைந்தது. ரிங் போனது. ஒன்று. இரண்டு. மூன்று. எடுத்தாள்.

"அப்பா, ஸ்டியரிங் ரைட்லயே இழுக்குதுப்பா. புடிச்சாலும் நிக்கவே மாட்டேங்குது. பின்னாடி கண்டெய்னர் வரான், நான்…"

நீளமான ஹாரன். அது ஓயாமல் நெருங்கியது. அவர் பிரேக், பிரேக் என்று கத்தினார். பிறகு ஒரு சத்தம். பிறகு ஹாரன் இல்லை, ஸ்டெஃபி இல்லை. லைன் மட்டும் அறுபடவில்லை. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி இல்லாத இடத்தில், கரக், கரக், கரக்.

"போ சீலி. அங்க போ. கைய எடு, கைய எடுடீ."

எடுக்கவில்லை. அவர்தானே எடுக்காதே என்று சொன்னார். அந்தக் கை அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவருடைய இடது கை நாற்காலிப் பிடியை விட்டுத் தானாக எழும்பியது, தோல் நாலு விரல் அகலத்துக்கு வெளுத்து உள்ளே அமுங்கியது. இடப்பக்கம் இழுத்தது. இன்னும் இடப்பக்கம். போனில் வைப்பர் ஓட ஓட, அவரையும் நாற்காலியையும் சேர்த்து அது இடப்பக்கமாகவே, இடப்பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தது.